முசே கேட்ட தலையணை

செய்தி வந்தபோது நான் ஒரு தலையணையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தேன். கடற்கரையில் சுக்கு காப்பி விற்கும் நாகம்மா, சைக்கிளை என் கடை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். அந்த நேரத்தில் அவள் மார்க்கெட் பக்கம் வருகிற வழக்கமே இல்லை.

"முசே போயிட்டாருய்யா," என்றாள். "காலையில ரெண்டு ரவுண்டு நடந்தாரு. எங்கிட்ட காப்பி குடிச்சாரு. வெல்லம் கம்மின்னாரு. வூட்டுப் படியில போயி ஒக்காந்தவரு எந்திரிக்கலியாம்."

"வெல்லம் கம்மின்னு சொன்னாரா?" என்று கேட்டேன்.

"நல்லா சொன்னாரு."

"அப்ப கஷ்டப்படாமத்தான் போயிருக்காரு."

நாகம்மா அழுகையும் சிரிப்புமாக முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முசே அந்துவானை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். அவர் குறை சொல்லிக்கொண்டிருந்தால் உடம்பு சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் குறை சொல்லாமல் நடந்தார் என்று பதறிப்போய் நாங்கள் டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம்.

முப்பதாம் நாள் பூசைக்கு நண்பர்கள் சேர்ந்து அச்சடிக்கும் இந்தச் சிறு புத்தகத்தில் நானும் எழுத வேண்டும் என்று அவர் மனைவி மதாம் ரோசலி சொல்லிவிட்டார். நான் எட்டாவது படித்தவன். அப்பா வேலை பார்த்த மில் மூடியதும், சைக்கிளில் தலையணைகளைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவி விற்றேன். அதற்கப்புறம் மார்க்கெட் அருகே கடை, எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு மெத்தை ஷெட் என்று வந்தவன். அலங்காரமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன், என் மேல் உள்ள தப்பையும் சேர்த்து.

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். வெளிநாட்டுக் குளிரில் துப்பாக்கியோடு காவல் நின்றவர். ஊருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடப்பார். அவர் எனக்குப் பழக்கமானது ஒரு தலையணையால். என் கடையில் வாங்கிப் போய், இருபதாம் நாள் அதை இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"தனபாலு, இது தலகாணியா, ரோட்டுக்குக் கொட்டற ஜல்லியா?"

"மாத்தித் தரேன், குடுங்க முசே."

"மாத்த வேணாம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டுத் தலையணையோடு திரும்பிப் போனார். டாக்டர் சொன்னாரென்று நானும் கடற்கரையில் நடக்க ஆரம்பித்தபோது, அங்கேயும் அதே பாட்டு. "உன் தலகாணியில படுத்தா சொர்க்கம் கனவுலகூட வராது தனபாலு. நரகம் வரும், அதுவும் பக்கத்துல வரும்." இப்படித்தான் எங்கள் சிநேகிதம் வளர்ந்தது. லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேரும் கிளார்க் வைத்தி எங்களில் மூன்றாவது ஆள். நின்ற இடத்திலேயே நின்று எங்களோடு பேசும் நாகம்மா நாலாவது.

வருஷப் பிறப்பன்று சீட்டு எழுதும் வழக்கத்தை ஆரம்பித்தது முசேதான். ஜனவரி முதல் தேதி விடியலில், முந்தின ராத்திரி ஆடிய கூட்டம் விட்டுப்போன காகிதத் தொப்பிகள் சாலையெல்லாம் கிடக்கும். நாங்கள் பழைய கலங்கரை விளக்கத்துக்கு எதிரே இருக்கும் கல் பெஞ்சில் உட்காருவோம். அந்த வருஷத்துக்கு மனசார ஒன்றை நினைத்து, ஒரே வரியில் எழுதி, நான்காக மடிக்க வேண்டும். முசே அதைப் பிரதிக்கினை என்பார். வைத்தி சங்கல்பம் என்பான். நாகம்மாவுக்கு அது வேண்டுதல்.

எழுதுவது பெரிய காரியம் இல்லை. எழுதிய சீட்டை, நம்மால் யார் அதிகம் கஷ்டப்படுகிறார்களோ அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். அவர்கள் அதை வருஷம் முழுக்க வைத்திருந்து, டிசம்பர் கடைசி நாள் காலையில் அதே பெஞ்சுக்கு வந்து, "நடந்தது" அல்லது "நடக்கல" என்று சொல்ல வேண்டும். என்ன எழுதியிருந்தது என்பதை மட்டும் சொல்லக் கூடாது.

"சாமிகிட்ட குடுத்தா ஆகாதா?" என்று வைத்தி கேட்டான்.

"சாமிகிட்ட சொல்றது ஈஸி. அது திருப்பிக் கேக்காது. காவல்ல நின்னவன் தூங்கினானா இல்லையான்னு அவனையே கேட்டா என்ன சொல்லுவான்? வேற ஆளத்தான் கேக்கணும்."

வைத்தி தன் சீட்டை மனைவியிடம் கொடுத்தான். மூன்றாம் தேதியே அந்த அம்மா ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்து, சீட்டை முசேயிடம் நீட்டி, "நடக்கல" என்றார். "டிசம்பர் வரைக்கும் டயம் இருக்கே மதாம்," என்று முசே சமாதானம் பண்ணினார். "எதுக்கு அத்தன நாள் இத நான் பத்திரமா வச்சிருக்கணும்? நேத்தே முடிஞ்சிபோச்சி," என்றார் அந்த அம்மா.

நாகம்மாவுக்கு எழுத வராது. அவள் சொல்ல, வைத்தி எழுதினான். சாமியிடம் இனிமேல் ஒன்றும் கேட்க மாட்டேன், சும்மா கும்பிட்டுவிட்டு மட்டும் வருவேன் என்பது அவள் வேண்டுதல். எழுதி முடித்ததும் சீட்டை வாங்கிக்கொண்டு நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போய் உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். என்னால் ரொம்பக் கஷ்டப்படுவது அவர்தான், தினமும் ஒரு பட்டியல் கொடுக்கிறேன் என்றாள்.

"வருஷக் கடைசியில பிள்ளையாரு இங்க வந்து சாட்சி சொல்லணுமே நாகம்மா," என்றார் முசே.

"வரலன்னா புகார் ஒன்னும் இல்லன்னு எடுத்துக்க முசே."

முசே எழுந்து நின்று அவளுக்குப் பட்டாளத்து சல்யூட் ஒன்று வைத்தார். நான் பார்த்து அது ஒரு தடவைதான்.

என் முதல் சீட்டு நாலு வரி ஓடியது. மாதம் இரண்டு நாள் கோயிலுக்குப் போவேன், முகூர்த்த மாதங்களில் ஒரு நாள், மழை நாட்களுக்கு விலக்கு. முசே சீட்டைப் படிக்க மாட்டார். ஆனால் மடிப்பின் கனத்தைப் பார்த்தே, "என்னப்பா, பிரதிக்கினையா, கேரண்டி கார்டா?" என்று கேட்டார். அதை என் மனைவியிடம் கொடுத்திருந்தேன். வருஷக் கடைசியில் அவள் வந்து, "நடந்தது நடந்தது, வாங்க, வூட்டுல வேலை கெடக்குது," என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் முசே தீர்ப்புச் சொன்னார்: "உன் சம்சாரம் சாட்சி செல்லாது. அவங்க கஷ்டப்பட்டுப் பழகிட்டாங்க. பழகாதவங்க யாராவது இருக்காங்களா பாரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

பழகாதவன் ஒருவன் இருந்தான். என் தம்பி செல்வம். நானும் அவனும் சேர்ந்துதான் கடை ஆரம்பித்தோம். வியாபாரம் என் வாய், வேலை அவன் கை. இலவம்பஞ்சை அவன் அடைத்தால் தலையணை பூ மாதிரி இருக்கும். ஒரு கல்யாண சீசனில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தது. அவன் இல்லாத நேரத்தில் மில் கழிவுப் பஞ்சைக் கொண்டுவந்து கலந்து வைத்தவன் நான். கோரிமேட்டில் பெண் வீட்டாருக்குப் போன தலையணையெல்லாம் ஒரு மாதத்தில் கட்டி தட்டிவிட்டது. பெண்ணின் அப்பா கடைக்கு வந்து நாலு பேர் எதிரில் கத்தினார். நான் தம்பியைக் கை காட்டினேன். "பஞ்சு அடைக்கறது இவன்தாங்க," என்றேன். அவன் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். ஆறு மாதத்தில் எதிர்ச்சாரியில் கடை திறந்தான். 'கலப்படம் இல்லாத இலவம்பஞ்சு' என்று பலகை. அந்தப் பலகை வாடிக்கையாளரைப் பார்த்து இல்லை, என் கல்லாவைப் பார்த்தபடி இருந்தது. பதினோரு வருஷம் நாங்கள் பேசவில்லை.

சுனாமி வந்த வருஷம் கடைசி நாளில் யாரும் பெஞ்சில் கூடவில்லை. பொங்கல் தாண்டித்தான் மறுபடி உட்கார்ந்தோம். முசே அன்றைக்கு ஒரு குறையும் சொல்லவில்லை. "நாளைக்குன்னு ஒன்னு கையில இருக்கற மாதிரி எழுதாதீங்க," என்று மட்டும் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, "இந்த வருஷம் உன் சீட்டு தம்பிக்கு. குடு, நானே கொண்டுபோய்த் தரேன்," என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. வியாபாரி மூளை வேறு எதற்கு இருக்கிறது? ஒன்றும் எழுதாத வெள்ளைக் காகிதத்தை நான்காக மடித்துக் கொடுத்தேன். முசே பிரிக்க மாட்டார் என்று தெரியும். பேசாத தம்பி வந்து என்ன சொல்லிவிடப் போகிறான்?

வருஷக் கடைசி நாள் காலையில் செல்வம் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சுக்கு எதிரில் நின்றான். முசே, "சொல்லு செல்வம்," என்றார்.

"நடந்தது முசே. அண்ணன் இதுல எழுதின மாதிரியே, ஒரு எழுத்துகூட மாறாம, வருஷம் பூரா நடந்துக்கினாரு."

வைத்தி கை தட்டினான். நாகம்மா எனக்கு இலவசமாக ஒரு காப்பி ஊற்றிக் கொடுத்தாள். மதாம் ரோசலி பிரெஞ்சில் ஏதோ வாழ்த்தினார். தம்பி என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். என் வாழ்நாளில் அவ்வளவு மரியாதையான செருப்படியை நான் வாங்கியதில்லை. காப்பியை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் விடியலில் நான் உண்மையாகவே ஒரு வரி எழுதினேன். எழுத அரை மணி ஆயிற்று. முசேயிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இந்தத் தடவ நீயே குடு. நான் என்ன போஸ்ட்மேனா?"

"எப்படி முசே? பத்து வருஷமாச்சி."

"உன் கடைக்கும் அவன் கடைக்கும் நடுவுல எவ்ளோ தூரம்?"

"இருபது அடி இருக்கும்."

"வொலா! அவ்ளோதான். தினமும் இங்க நாலு கிலோமீட்டர் நடக்கற."

அந்த இருபது அடியைத்தான் அந்த வருஷம் முழுக்க என்னால் நடக்க முடியவில்லை. சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இரண்டு தடவை சட்டையோடு துவைத்துப்போட்டு, இரண்டு தடவை திரும்ப எழுதினேன். கடை திறக்கும்போது போகலாம் என்று நினைப்பேன். எதிரே ஆள் நிற்கும். மத்தியானம் ஆள் இருக்காது; எனக்குத் தைரியம் இருக்காது. தினமும் காலையில் முசே கேட்பார்: "ரோட்டத் தாண்டினியா?" இல்லை என்று தலையாட்டுவேன். "சரி, உன் தலகாணியால என் கழுத்து..." என்று அடுத்த குறைக்குப் போய்விடுவார். டிசம்பரில் அவரும் போய்விட்டார்.

அன்றைக்குப் பார்த்து நான் நடக்கப் போகவில்லை. நாகம்மா வந்து சொன்னதும் கடையைப் பூட்டிவிட்டு முசே வீட்டுக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் கூடத்துக்குச் சவப்பெட்டி வந்தது. பெட்டிக்காரர் உள்ளே வைக்கும் பளபளப்பான சின்னத் தலையணை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். மதாம் அதை அழுத்திப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"இது வேண்டாம். அவர் சொல்லி வச்சிருக்கார்," என்றார்.

நான் உடனே, "என் கடையிலேருந்து நல்லதா ஒன்னு கொண்டாரேன் மதாம்," என்றேன்.

"இல்ல தனபால். தலகாணி செல்வம் கடையிலதான் வாங்கணுமாம். ஆனா வாங்கிட்டு வர வேண்டியது நீதானாம். வேற யாரும் போகக் கூடாதாம்."

பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மறுப்பு சொல்ல முடியுமா? பட்டாளத்துக்காரர். எதிராளி திரும்பி ஓட வழி இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தியிருந்தார்.

மார்க்கெட்டுக்குத் திரும்பி வந்து, நான் ரோட்டைத் தாண்டினேன். தம்பி பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தான். தலைமுடியெல்லாம் வெள்ளைத் துகள். நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன வேணும்?"

"தலகாணி."

"உங்க கடையில இல்லியா?"

"முசேக்கு. உன் கடையிலதான் வேணுமாம்."

அவனுக்கு இன்னும் செய்தி தெரியாது. சொன்னேன். கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தான். பிறகு எழுந்து, "பெட்டி அகலம் என்ன?" என்று கேட்டான். நான் கையை விரித்துக் காட்டினேன். அவன் புதுத் துணி எடுத்து, புதுப் பஞ்சை உதறி, அங்கேயே ஒன்று அடைத்துத் தைத்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன். முடித்துக் கையில் கொடுத்தபோது, தொழில் பழக்கம், என் விரல் தானாக அதை அழுத்திப் பார்த்தது.

"என்ன, கட்டி எதனா தட்டுதா?" என்றான்.

"இல்லடா. நீ அடைச்சதுல என்னிக்குமே தட்டினதில்ல. கோரிமேட்டுக்குப் போனதுல கழிவுப் பஞ்ச கலந்தவன் நான்."

சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. முதலில் அதை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"இதுலயாச்சும் எதனா எழுதியிருக்கியா, இல்ல போன தடவ மாதிரியேவா?"

நான் சிரிக்கத்தான் நினைத்தேன். வேறு என்னவோ வந்தது. அவன் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். முசே வீட்டுக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். தலையணையை அவன்தான் எடுத்துவந்தான். முசேயின் தலையைத் தூக்கிப் பிடித்தவன் நான்.

வருஷக் கடைசி நாள் காலையில், முசே இல்லாமல் பெஞ்சில் கூடினோம். மதாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் முசேயின் சீட்டு அவரிடம்தான் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் அவர், "நடக்கல" என்பார். முசே, "பொறுமை, ரோசலி," என்பார். இந்தத் தடவை மதாம் சீட்டைப் பிரித்தே காட்டினார். அவர் போன பிறகு விதி என்ன வேண்டியிருக்கிறது என்றார். 'குறை சொல்ல மாட்டேன்' என்று எழுதியிருந்தது. எல்லா வருஷமும் இதேதானாம். "கடைசி நாள் வரைக்கும் நடக்கல," என்றார் மதாம். நாகம்மா, "நான்தான் சாட்சி. வெல்லம் கம்மின்னாரே," என்றாள்.

பிறகு செல்வத்தின் முறை வந்தது. அவன் யோசித்துவிட்டு, "பாதி நடந்தது," என்றான்.

"ரூல்ல பாதி கிடையாதுப்பா," என்றான் வைத்தி.

"அப்பன்னா நடக்கல."

தம்பியிடம் உண்மையைச் சொன்னது பாதி. மீதிப் பாதி என்ன என்பது எனக்குத் தெரியும். சீட்டில் நான் எழுதியது இதுதான்: 'யார் எதிரில் தம்பி மேல் பழி போட்டேனோ அவரிடமே போய் உண்மையைச் சொல்வேன்.' வருஷம் முடிய இன்னும் ஒரு பகல் பாக்கி இருந்தது. வைத்தியின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு, தம்பியைப் பின்னால் உட்கார வைத்து, கோரிமேட்டுக்குப் போனேன்.

பெண்ணின் அப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று, பஞ்சு கலந்ததையும், தம்பி மேல் பழி போட்டதையும், பதினோரு வருஷத்தையும் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எந்தத் தலகாணி?" என்றார்.

நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"அட போப்பா. மாப்ளயே ஒரு கட்டிதான். தலகாணிய யாரு நெனப்பு வச்சிக்கினு இருக்கா?" என்றவர், "ஆனா வந்ததும் வந்தீங்க, எனக்கு ஒரு மெத்தை வேணும். யாரு கடையில எடுக்கலாம்?" என்று கேட்டார்.

"தம்பி கடையில எடுங்க," என்றேன் நான்.

"அண்ணன் கடையில எடுங்க," என்றான் அவன், அதே மூச்சில்.

"என்ன வியாபாரம் பண்றீங்க நீங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது செல்வம் ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். வண்டி ஆட ஆட ஓட்டிக்கொண்டு வந்தேன். மதாமின் வீட்டு வாசலில் நிறுத்தியதும் இறங்கி, அவர் முன்னால் போய் நின்று, "நடந்தது மதாம்," என்றான். மதாம் உள்ளே போய், ஒரு பழைய தலையணையோடு வந்தார். உறை மாற்றி மாற்றிப் போட்டாலும் உள்ளே இருப்பது என் சரக்கு என்று தூரத்திலேயே தெரிந்தது.

"இதை நீ எடுத்துக்கோ தனபால். இனிமே இதைக் குறை சொல்ல ஆள் இல்ல," என்றார். "அந்தக் கோரிமேட்டுக்காரர் வந்து கத்தின அன்னைக்குத்தான் இவர் இதை உன் கடையில வாங்கினது. அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தாராம். அந்தப் பையன் சட்டையை மாட்டிக்கிட்டு இறங்கிப் போனதைப் பல தடவை சொல்லியிருக்கார்."

அன்றைக்கு நின்ற நாலு பேரில் ஒருவர் அவர் என்பது எனக்குத் தெரியாது. அப்போது அவர் எனக்கு யாரோ ஒரு வாடிக்கையாளர். இருபது நாளில் கட்டி தட்டியதுமே கலப்படம் என் வேலை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தம்பி போன பிறகும் நான் தேடாமல் இருந்ததும் தெரிந்திருக்கிறது. மாற்றித் தருகிறேன் என்றபோது ஏன் மறுத்தார் என்று இப்போதுதான் புரிகிறது. பதினோரு வருஷம் சாட்சியைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தலையணை ஒன்றுதான். பிரித்து நல்ல பஞ்சு அடைத்துவிடலாம் என்று ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்தேன். மனசு வரவில்லை, திரும்ப வைத்துவிட்டேன். இப்போது தினமும் அதில்தான் படுக்கிறேன். நாலரை மணிக்கெல்லாம் கழுத்து பிடித்துக்கொண்டு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து கடற்கரைக்கு நடந்துவிடுகிறேன். வலி சும்மா விடுவதில்லை. இந்த லட்சணத்தில் அடைத்தவன் எவன் என்று வாய் வரைக்கும் வருகிறது. அப்புறம் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

முசேயின் பிரதிக்கினையை இப்போது நான் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறேன்.